25,000 ரூபாயும் இரண்டு கரிக்கோடுகளும்: ஒகேனக்கல் வீடு கைமாறிய கதை

"அக்கா, இந்தக் கோட்டு மேலயும் அடிச்சிரலாமா?"

பெயின்டர் பிரஷ்ஷை வாளி விளிம்பில் வழித்தபடி கேட்டார். பின்கட்டு சாமான் அறையின் சுவரில், முழங்கால் உயரத்தில் இரண்டு கரிக்கோடுகள் இருந்தன. கீழே இருந்த கோட்டின் பக்கத்தில் '2018 ஆவணி' என்றும், அதற்கு நாலு விரல் மேலே இருந்த கோட்டின் பக்கத்தில் '2019 ஆடி' என்றும் எழுதியிருந்தது. இரண்டும் அப்பாவின் கையெழுத்து. காவிரி வீட்டுக்குள் வந்துவிட்டுப் போன உயரங்கள் அவை.

"இருங்க, சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வாசலுக்கு வந்துவிட்டார். அந்தப் பதிலைச் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆனது.

அவருக்கு வயது 39. ஓசூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அம்மா மட்டும் ஒகேனக்கலில். அருவிக்குப் போகும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கழுவி, மசாலா தடவி, பொரித்துக் கொடுக்கும் பெண்களை அங்கே போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அம்மா 20 வருடம் அந்த வேலை செய்தவர். அப்பா பரிசல் ஓட்டியவர். இருவரும் சேர்ந்து 1997-ல் கட்டியது இந்த வீடு. முன்பக்கம் தளம் போட்ட இரண்டு அறைகள், பின்பக்கம் இரண்டு படி தாழ்வாக ஓடு போட்ட சமையற்கட்டும் சாமான் அறையும். அவ்வளவுதான்.

அப்பா இறந்து இரண்டாவது திதி முடிந்த கையோடு, வீட்டை விற்பது என்று முடிவானது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவின் மருத்துவச் செலவுக்கு வைத்த நகைக்கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் கர்நாடக அணைகள் நிரம்பியதாக டி.வி-யில் செய்தி ஓடும்போதெல்லாம், ஓசூரில் இருக்கும் மகளுக்குத் தூக்கம் போய்விடும். 2018, 2019 இரண்டு வருடமும் ஒகேனக்கலில் நீர்வரத்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. 2022-லும் 2024-லும் மறுபடி வெள்ளம். பரிசல் நிற்கும், குளிக்கத் தடை வரும், தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் மூட்டை கட்டுவார்கள். அம்மாவைத் தனியாக அங்கே வைத்திருக்க முடியாது.

முதலில் வந்து பார்த்தவர்கள் பெங்களூருவிலிருந்து வந்த குடும்பம். சனி, ஞாயிறு தங்கிப் போக ஒரு வீடு தேடியவர்கள். வாசலில் நின்று நன்றாகத்தான் பேசினார்கள். உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. கடைசியில் அவர் கணவர், "மண் விலைதான் கொடுக்க முடியும், எட்டு லட்சம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"என்னா பாப்பா நாத்தம் அடிக்குதாம்?" என்று அம்மா அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. 20 வருட மீன் எண்ணெய் ஓட்டின் அடியிலும், சட்டத்திலும், சுவரின் துளைகளிலும் இறங்கியிருந்தது. தினமும் இருக்கும் வாசனையை மூக்கு சில நிமிடங்களிலேயே கணக்கில் சேர்ப்பதை நிறுத்திவிடும். நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாது. வீடு விற்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய செலவில்லாத காரியம், அதிகம் வராத சொந்தக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே நடக்கவிட்டு, "மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்பதுதான். இந்த வீட்டுக்கு அப்படிச் சொன்னவர் பென்னாகரத்துச் சித்தி. "மீன் நாத்தம் ஒண்ணு, இருட்டு ஒண்ணு, பாத்ரூம் ஒண்ணு" என்று விரல் விட்டுச் சொன்னார்.

இதையெல்லாம் சரி செய்தால் என்ன விலை போகும் என்று கேட்டதற்கு, உள்ளூர்த் தரகர் பத்து வரைக்கும் போகலாம் என்றார். தம்பியோ, "வாங்குறவன் எப்படியும் இடிச்சிட்டுத்தான் கட்டுவான். இதுக்குப் போய் எதுக்குக்கா செலவு?" என்றார். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து, செய்வதென்றால் முன்பக்கம் முழுக்க எலிவேஷன் டைல்ஸ் ஒட்டி, ஸ்டீல் கேட் போட்டுவிடலாம், ஒன்றரை லட்சத்தில் முடித்துவிடலாம், நண்பன் கடன் தருவான் என்றார். ஒன்றும் வேண்டாம், இல்லாவிட்டால் எல்லாமும் வேண்டும். தம்பிகள் அப்படித்தான்!

மகளின் கையில் இருந்தது 25,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம். "இதுக்குள்ள என்ன முடியுமோ அதுதான். இதுக்கு மேல ஒரு ரூபாய் கடன் கிடையாது" என்று கணக்கு நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவிட்டார். யோசித்துப் பார்த்தால், விற்கப்போகும் வீட்டில் டைல்ஸ் ஒட்டுவது பெரும்பாலும் வீண். வாங்குபவருக்குப் பச்சை பிடிக்குமா, பழுப்பு பிடிக்குமா என்று நமக்கு எப்படித் தெரியும்? நம் ரசனைக்கு அவர் பணம் தரமாட்டார். ஆனால் ஒழுகும் குழாயையும், எரியாத விளக்கையும் பார்த்தால், 'கண்ணுக்குத் தெரிவதே இப்படி என்றால் தெரியாதது எப்படி இருக்கும்' என்று அவர் மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். நூறு ரூபாய்க் குறைக்குப் பத்தாயிரம் குறைத்துக் கேட்பார்.

விற்கும் முன் வீட்டைச் சீர்படுத்திக் காட்டுவதை அமெரிக்காவில் 'ஹோம் ஸ்டேஜிங்' என்கிறார்கள். 1970-களில் சியாட்டில் பகுதியில் வீட்டுத் தரகராக இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி இதை ஒரு தொழிலாகவே வளர்த்தார். நாடகப் பின்னணி கொண்டவர் என்பதால் மேடை அமைப்பது போன்ற பெயர். நம் ஊரில் இது புதிதல்ல. சந்தைக்கு ஓட்டிப் போகும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, புதுக் கயிறு மாற்றித்தான் ஓட்டிப் போவார்கள். வீட்டுக்கு மட்டும் அதைச் செய்ய மறந்துவிடுகிறோம்.

வேலை தை மாதம் ஆரம்பித்தது. அதற்கும் காரணம் இருந்தது. மழை முடிந்து சுவர் காய்ந்திருக்கும் நேரம் அது. ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் மூன்றே மாதத்தில் அப்பளம் போலப் பொரிந்து உதிரும்.

முதல் செலவு பெயின்டுக்கு இல்லை, குப்பைக்கு. ஒரு டிராக்டர் லோடு! உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், துருப்பிடித்த தகரம், மூன்று ஓட்டை அண்டா, அப்பாவின் பழைய பரிசலின் மூங்கில் கூடு. அந்தக் கூட்டை மட்டும் அம்மா விடவில்லை. "அது கெடக்கட்டும்" என்றார். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டாயின் பரண் மேல் ஏற்றி வைத்தார்கள். டிராக்டருக்கு 1,500 ரூபாய் ஆனது. ஆனால் அந்த லோடு போன பிறகு, சாமான் அறையில் ஒரு ஜன்னல் இருப்பதே தெரிந்தது. 12 வருடமாக அதன் முன்னால் அண்டா அடுக்கியிருந்தார்கள்.

அடுத்து மீன் வாசனை. ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாம் மீன் வாசனையின் மேல் ரோஜா வாசனையைச் சேர்க்குமே தவிர, எதையும் எடுக்காது. வெந்நீரில் சலவை சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, சமையற்கட்டுச் சுவரையும் மரச்சட்டத்தையும் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். சோடா கொழுப்பைச் சோப்பு போலக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். பழுப்பாகத் தண்ணீர் ஓடியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்து, காயவைத்து, அதன் மேல் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் வாசனை அடங்கியது. உடைந்த ஓடுகளை மாற்ற 700 ரூபாய். ஒரு ஓட்டுக்குப் பதில் கண்ணாடி ஓடு வைத்ததில் சமையற்கட்டுக்குப் பகலில் விளக்கே தேவைப்படவில்லை.

பாத்ரூம் வேறு விதமான பிரச்னை. தர்மபுரி மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல் கறையும் எலும்புப் பாதிப்பும் வந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிக்க ஆற்றுத் தண்ணீர் கிடைத்தாலும், புழக்கத்துக்குப் பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். அந்த உப்பு, குழாயின் கழுத்திலும் வாளியிலும் தரையிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது.

தம்பி ஆசிட் பாட்டில் வாங்கி வந்தார். ஆசிட்டைச் சிமென்ட் தரையில் ஊற்றினால் கறையோடு தரையும் சேர்ந்து போகும். அதைவிட ஆபத்து, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அடுத்தடுத்துப் போட்டுக் கழுவுவது. அதில் கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். மூடிய பாத்ரூமில் அது உயிரோடு விளையாடும் விஷயம். சித்திதான் தடுத்தார். பழைய துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, இரவு முழுக்க விட்டால் போதும். உப்புக்கறை என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். லேசான புளிப்பிலேயே அது கரையும். காலையில் துணியை அவிழ்த்தபோது, குழாய் வாங்கிய நாளில் இருந்த பளபளப்பு வந்துவிட்டது. வினிகர் இல்லாதவர்களுக்கு எலுமிச்சை இருக்கிறது. கழுவியும் சொட்டிய இரண்டு குழாய்களை மாற்றினார்கள். மற்றதெல்லாம் வாஷர் மட்டும்தான். பிளம்பர் வேலை எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய்.

மாடிக்குப் போனால் அப்பா! பரிசலின் அடியில் தண்ணீர் புகாமல் தார் பூசுவார்கள். ஒவ்வொரு முறையும் மிச்சமாகும் தாரை அவர் மொட்டை மாடியின் விரிசல்களில் ஊற்றியிருந்தார். தளம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாக, வரைபடத்தில் ஆறுகள் ஓடுவது போல. பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் அந்தத் தார் இருந்த இடங்களில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. புதிதாக விழுந்த விரிசல்களை மட்டும் கொத்தனார் சுத்தம் செய்து, நீர்க்கசிவு தடுக்கும் கலவையை அடைத்தார். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதில் கீழே அறையின் சூடும் கொஞ்சம் குறைந்தது. எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். பூசிவிட்டு, மாடியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்துச் சோதித்தார்கள். இதை எல்லோருமே செய்யலாம். வாங்க வருபவர் மழைக்காலத்தில் கண்டுபிடிப்பதை நாம் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

மின்சாரத்தில் ஆறு எல்.இ.டி பல்பு, உடைந்த சுவிட்ச்கள், ஒரு புது போர்டு. பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சின்ன அறை இன்னும் சின்னதாகத் தெரிந்தது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய், ஒரு தாழ்ப்பாள், கேட்டுக்கு ரெட் ஆக்ஸைடு அடித்து அதன் மேல் ஒரு பூச்சு. வாசற்படியின் உடைந்த மூலைக்கு சிமென்ட். செப்டிக் டேங்க் சுத்தம். இதில் எதுவும் போட்டோவில் தெரியாது. வந்து நிற்பவருக்குத் தெரியும்.

பெயின்ட் கடைசியாகத்தான் வந்தது. முன் அறைகளுக்கு லேசான நிறத்தில் டிஸ்டெம்பர். தாழ்வான பின்கட்டுக்கு எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பே போதும் என்று பெயின்டரே சொன்னார். எமல்ஷன் பூச்சு சுவருக்கு ரெயின்கோட் போட்டது மாதிரி. உள்ளே ஈரம் இருந்தால் வெளியே போக வழியில்லாமல் பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். சுண்ணாம்பு, சுவரை மூச்சுவிட வைக்கும். ஆற்றோரத்து வீடுகளுக்கு அதுதான் தோது. கூலியோடு 7,300 ரூபாய்.

அந்த வேலையின் நடுவில்தான் கரிக்கோடு வந்து நின்றது.

தம்பிக்கு அதில் சந்தேகமே இல்லை. "அடிச்சிரச் சொல்லுக்கா. வெள்ளம் வந்த வூடுன்னு நாமளே போர்டு வெச்ச மாதிரி ஆயிரும். ஒகேனக்கல்ல வெள்ளம் வரும்னு வாங்குறவனுக்குத் தெரியாதா? பேப்பர் படிக்க மாட்டானா?"

"வெள்ளம் வரும்னு தெரியும்டா. இந்த வூட்டுக்குள்ள எது வரைக்கும் வந்துச்சுன்னு தெரியாதே."

"கேட்டா சொல்லு. கேக்கலைன்னா ஏன் சொல்லணும்?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. 40,000, 50,000 குறைந்தால் நகைக்கடன் முழுதாக அடைபடாது. அது அம்மாவின் தாலிக்கொடி உட்பட வைத்த கடன். மூடி அடித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முன் அறைகள் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் அங்கே ஏறியதில்லை. தையில் வந்து பார்ப்பவருக்கு, பின்கட்டு வெறும் பின்கட்டு.

பென்னாகரத்தில் பத்திரம் எழுதுபவரிடம் வேறு வேலையாகப் போனபோது பேச்சுவாக்கில் கேட்டார். அவர் சொன்ன விஷயம் பலருக்குத் தெரியாதது. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவில் இது இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்தில் இருந்தால், அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பதை அந்தச் சட்டம் மோசடியாகவே பார்க்கிறது. 'கேட்டால் சொல்' என்பது அதில் இல்லை. "சுவத்துல தெரிஞ்சிட்டிருந்ததை நீங்களே பூசி மறைச்சா, அவங்க கண்டுபிடிக்க முடியாதபடி ஆக்கினது நீங்கதானேம்மா?" என்றார் அவர்.

அந்த அலுவலகத்துக்கு அவர் போன வேலையும் முக்கியமானதுதான். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று, அப்பா பெயரிலிருந்து மூவர் பெயருக்குப் பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்புப் பெயர் மாற்றம் என்று அலைந்ததில் பஸ் செலவோடு 2,400 ரூபாய் ஆகியிருந்தது. வீட்டுக்குச் செய்த 'பராமரிப்பு'களிலேயே அதிக பலன் கொடுத்தது இதுதான் என்று பின்னால் தெரிந்தது. ஒகேனக்கலைச் சுற்றிலும் காப்புக்காடு. 2022 நவம்பரில் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்ட பிறகு, இந்தப் பக்கம் இடம் வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "பட்டா இடம்தானே?" என்பதுதான். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். அம்மா, மகள், மகன் மூவருமே சம வாரிசுகள், மூவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை அம்மாவிடம் அங்கே வைத்துத்தான் விளக்கினார்கள். "நானுமா?" என்றார் அம்மா. இத்தனை வருடம் அவர் பெயரில் எந்தக் காகிதமும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் அங்கே தெரிந்துகொண்டார். வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது போன்ற செலவுகளை வருமான வரிக் கணக்கில் வீட்டின் மேம்பாட்டுச் செலவாகக் காட்ட முடியாது. புதிதாக ஓர் அறை கட்டியிருந்தால் காட்டலாம். அப்பா 1997-ல் கட்டியது என்பதால், 2001 ஏப்ரல் 1-ம் தேதி நிலவரப்படியான மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. பெரிய தொகைக்கு விற்பவர்கள் அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. இவர்கள் விற்ற தொகைக்கு, மூன்றாகப் பிரித்த பிறகு, அந்தக் கவலை இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவிடம்தான் கேட்டார். "அப்பா ஏம்மா கோடு போட்டாரு?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாட்டி அரிசி மூட்டையை எவ்ளோ ஒசரத்துல வைக்கணும்னு எனக்குத் தெரியணுமாம். அவரு பரிசல்ல போயிட்டா நான் ஒத்தையில இருப்பேன்ல."

மறுநாள் காலையில் பெயின்டருக்குப் பதில் கிடைத்தது. சாமான் அறை முழுக்க அடித்துவிட்டு, கோடுகள் இருந்த இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னார். "பார்க்க அசிங்கமா இருக்குமேக்கா" என்றார் பெயின்டர். இருந்தது. வெள்ளைவெளேர் என்ற சுவரில் ஒரு பழுப்புச் சதுரம். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். இரண்டு நாளாக அவர் பதிலே போடவில்லை.

விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கும்போது அருவி படத்தைப் போட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அருவியை யாரும் விற்க முடியாதே! காலை எட்டு மணி வெயிலில், ஜன்னல்களைத் திறந்துவைத்து, அறையின் மூலையில் நின்று செல்போனைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுத்த 11 படங்கள். பழுப்புச் சதுரமும் அதில் ஒன்று.

பங்குனியில் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் அந்தச் சதுரத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. தம்பி, "சொன்னேன்ல" என்றார். ஒருவர் ஒன்பது என்று கேட்டு அங்கேயே நின்றார்.

மூன்றாவதாக வந்தவர்கள் சேலம் பக்கத்திலிருந்து வந்த கணவன், மனைவி. பேசியதெல்லாம் மனைவிதான். முன் அறைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகச் சமையற்கட்டுக்குப் போனார். கண்ணாடி ஓட்டை அண்ணாந்து பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். "மீன் பொரிச்சா புகை போறதுக்கு வழி இருக்காங்க?" என்றார்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இங்கே குடியேறி, சுற்றுலா வருபவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் சின்ன மெஸ் ஒன்று வைக்கப்போகிறவர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது இவர்களுக்காகவா!

பிறகு சாமான் அறை. "இது என்னாங்க, இதை மட்டும் விட்டுட்டீங்க?"

மகள் சொன்னார். இரண்டு வருடமும் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்த வழியாக வந்தது, முன் அறைக்கு ஏறவில்லை என்பது, சேறு எடுக்க எவ்வளவு ஆள் பிடித்தது, எல்லாவற்றையும். கணவர் பையிலிருந்து டேப் எடுத்து, தரையிலிருந்து மேல் கோடு வரை அளந்தார். மனைவி செல்போனில் குறித்துக்கொண்டார். இருவரும் வெளியே போய் வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் பேசினார்கள். உள்ளே அம்மா அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார், கை நடுங்கியது.

பத்து லட்சம் என்று சொல்லியிருந்த விலையில் 40,000 குறைத்துக் கேட்டார்கள். பின்கட்டுத் தரையை இரண்டு அடி ஏற்றுவதற்கு என்று கணக்கும் சொன்னார்கள். பத்திரம் எழுதுபவரும் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்துவிட்டு, இழுக்க ஒன்றும் இல்லை என்றார். 9,60,000-க்கு முடிந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என்று வாங்குபவர் தலையில் தனியாகச் செலவு விழும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை உண்டு. வீடு அந்த மனைவியின் பெயருக்கே பதிவாகிறது என்றதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளையடித்ததால்தான் 1,60,000 ரூபாய் கூடக் கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. எட்டு லட்சம் கேட்டவர் வேறு மனிதர், அவர் தேவை வேறு. பட்டா சரியாக இருந்ததற்கும் அதில் பங்கு இருக்கிறது. மெஸ் வைக்கும் எண்ணத்தோடு ஒருவர் வந்தது அதிர்ஷ்டம். நகைக்கடன் அடைந்தது. அம்மாவின் தாலிக்கொடி திரும்பியது. தம்பி மட்டும் இன்னமும், "அந்த நாப்பதாயிரம்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

பதிவு முடிந்த அன்று சாயங்காலம், மகள் கணக்கு நோட்டைக் கூட்டினார். 24,350 போக மிச்சம் 650 ரூபாய். சமையற்கட்டைக் கழுவிய நாளிலிருந்து அம்மா அங்கே மீன் பக்கமே போகவில்லை. வாசனை வந்துவிடும் என்று, பக்கத்து வீட்டு அடுப்பில்தான் இரண்டு மாதமாகச் சமையல்.

"அந்தக் காசைக் குடு சாமி கையில" என்றார் அம்மா. தம்பி போய் ஒன்றரைக் கிலோ கெளுத்தி வாங்கி வந்தார். சாவி வாங்கிக்கொள்ள வந்திருந்த சேலத்துக்காரம்மா, தானே உட்கார்ந்து மீனைக் கழுவ ஆரம்பித்தார். அம்மா பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, மசாலாவில் எலுமிச்சை எப்போது பிழிய வேண்டும், ஒகேனக்கலுக்கு வருகிறவர்களுக்குக் காரம் எவ்வளவு போட்டால் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளையடித்த சுவர் முழுக்கப் புகை ஏறியது. கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்தது.

"ஜன்னலைத் தொறங்க பெரியம்மா" என்றார் அந்தப் பெண்.

"இது உன் வூடு, நீயே தொற" என்றார் அம்மா.